பலவேசம் எடுத்த தண்டால்

சாயங்காலம் துறைமுகத்து ஆட்களோடு வடம் இழுக்கும் போட்டி. எங்கள் உப்பளத்து அணியில் கடைசி ஆளாக, வடத்தை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்கப்போவது யார் என்று கேப்டன் மாசாணம் அண்ணாச்சி இன்னும் சொல்லவில்லை. பலவேசத்துக்கு அந்த இடத்தின் மேல் உயிர். சுயம்புவுக்கும் அதே ஆசைதான். டீக்கடையில் அண்ணாச்சியைப் பார்த்ததும் பலவேசம் ஆரம்பித்துவிட்டான்.

"விடிஞ்சதுல இருந்து தண்டால்தான் அண்ணாச்சி. வேர்வை ஓடி ஒரு பாத்தியே நெறஞ்சிட்டு. மத்தியானம் உப்பு வாரிட்டாங்க."

"அதுல அயோடின் யாருவே கலந்தது?" என்றான் சுயம்பு.

"கேளுவே. நான் அசரல, தரை அசந்துட்டு. நான் கீழ எறங்குறதுக்குள்ள அதுவே மேல வந்து என் நெஞ்சைத் தொட்டுட்டுப் போவுது."

"தரை எந்திரிச்சுதுன்னா பக்கத்துல எங்க வீட்டுல ஒரு சட்டிகூட உருளலியே!" என்றான் சுயம்பு.

"அது சட்டி, பயந்து அப்படியே நின்னுருக்கும். அப்புறம் பாத்துக்கிடுங்க, என் நிழலு 'போதும்ணே, மூச்சு வாங்குது'ன்னுட்டு எந்திரிச்சுப் போயி உடைமரத்து நிழல்ல படுத்துட்டு. மிச்சத் தண்டாலை நிழலில்லாமத்தான் எடுத்தேன்."

டீ வந்தது. பலவேசம் கிளாஸை எடுக்கவில்லை. பெஞ்சில் இருந்தபடியே குனிந்து உறிஞ்சினான்.

"கையால எடுத்தா என்னவாம்?"

"இப்ப நான் பிடிச்சா கிளாஸு மாவாப் போயிரும். கடைக்காரரு பாவம்லா."

மாசாணம் அண்ணாச்சி டீயை வைத்துவிட்டு, "போட்டி அன்னைக்கு எவனாவது தண்டால் எடுப்பானாலே? அசந்த சதையில பிடிமானம் இருக்குமா? கொஞ்ச நேரம் இழுத்தாலே வெடவெடன்னு நடுங்குமே" என்றார்.

"அசதியா? அது காலையிலேயே வந்துச்சு அண்ணாச்சி. என்கூடச் சேந்து தண்டால் எடுத்துச்சு. தாங்காம வீட்டுக்குப் போயிட்டு."

கடைக்காரர்கூடச் சிரித்துவிட்டார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. "சரிலே. கடைசி இடம் வேணுங்கிறவன் கையைத் தூக்கு."

சுயம்புவின் கை சட்டென்று மேலே போனது. பலவேசம் பல்லைக் கடித்தான். தோள் நடுங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. கை மட்டும் தொடையை விட்டு எழும்பவில்லை. அண்ணாச்சி பெஞ்சடியில் சுருட்டி வைத்திருந்த வடத்தின் நுனியை எடுத்துச் சுயம்புவின் மடியில் போட்டார்.

"என்ன அண்ணாச்சி இது அநியாயம்!" என்றான் பலவேசம். "நாந்தான மொதல்ல தூக்கினேன். போன வேகத்துல உங்க கண்ணுல படல!"