பெயர் மாற்றாத ஏடு

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னே, அரசர்களே எழுத்துக்குப் பயந்த காலத்தில், ஓலைப்பட்டணம் என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊருக்கு ஒரு கிறுக்கு. எல்லாருக்கும் தெரிந்த பழங்கதைக்குள் உள்ளூர் ஆள் ஒருவரைத் தூக்கிப் போட்டு, "நம்ம செக்குக்கார அண்ணன் அரக்கன்கிட்ட மாட்டினா என்ன பண்ணுவாரு?" என்று புது ஏடு எழுதி நடுவில் செருகிவிடுவார்கள். சந்தை நாளில் அதைப் படித்தால் ஊரே விழுந்து விழுந்து சிரிக்கும். கட்டுப்பாடு ஒன்றே ஒன்று. சாயல் இருக்கலாம், பெயர் இருக்கக் கூடாது. ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

செருகல் எழுதுவதில் கொழுந்துக்கு நிகர் கொழுந்துதான். அவளுடைய அக்கா வடிவு மோர் விற்றாள். தாய் செத்த பிறகு தங்கையை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். வாய் மட்டும் மிளகாய். அக்கா தங்கைக்குள் ஏதோ சண்டை, மூன்று மாதமாய்ப் பேச்சு இல்லை. அந்தக் கோபத்தில் கொழுந்து கல்மண்டபக் கதையை எடுத்தாள்.

கேட்டுக்கொள்ளுங்கள், அது பொல்லாத கதை. மண்டபத்துக்குள் வருகிறவர்களிடம் அரக்கன் ஒரே கேள்விதான் கேட்பான்: "உனக்காக வெளியே யார் காத்திருக்கிறார்?" நெஞ்சில் இருப்பதைச் சொன்னால் கதவு திறக்கும். வாய்க்கு வந்ததைச் சொன்னால் கல். அந்தக் கதவு ஒருநாளும் திறந்ததில்லை.

அதற்குள் தன் அக்காவை விட்டாள் கொழுந்து. மெய்யாகவே மணவறையிலிருந்து மாப்பிள்ளை எழுந்து ஓடிப்போன அந்த அக்கா, அரக்கனின் காலைக் கட்டிக்கொண்டு, "நீயாவது என்னைக் கட்டிக்கோயேன்" என்று கெஞ்சுவதாக எழுதினாள். பெயரை மாற்றினால் சிரிப்பு பாதியாகிவிடும் என்று 'வடிவு' என்றே எழுதினாள்.

சந்தையில் படித்தாள். கூட்டத்தில் மோர்ப்பானையோடு வடிவும் இருந்தாள். ஒருமுறை இருவர் கண்களும் சந்தித்தன. கொழுந்து நிறுத்தவில்லை. ஊர் சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது வடிவு இருந்த இடத்தில் பானை மட்டும் உடைந்து கிடந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் கெடவில்லை, நுணலின் அக்கா கெட்டாள்.

அக்காவைக் கதை விழுங்கிவிட்டது என்று தெரிந்ததும், மூன்று காடு, மூன்று மலை, மூன்று ஆறு தாண்டி மசிமுகன் என்ற மந்திரவாதியிடம் ஓடினாள் கொழுந்து. கல்மண்டபக் கதை அவனுடையது. அவன் உயிரே அதற்குள்தான் இருந்தது. அதிலிருந்து யாரும் வெளியேறாத வரை அவனுக்குச் சாவில்லை.

"என் கதையில மெய்ப்பேரு விழுந்தா ஆளு எனக்கு. உங்க ஊருக்கு அது மறந்துபோச்சு" என்றான் மசிமுகன்.

"ஐயா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், என் அக்காவை விட்டுடுங்க."

"எழுதி உள்ள அனுப்பினே, எழுதியே வெளிய கொண்டா. உனக்கு நான் மூணு ஏடு தரணும், அது கதையோட விதி. மண்டபத்தோட சட்டத்தை மாத்த முடியாது. கதை நம்பினா எழுத்து நிக்கும், நம்பலேன்னா உதிரும். மூணும் உதிர்ந்தா அவ கல்லு. உன்னை மாதிரி எத்தனையோ பேரு வந்தாங்க. பாசத்துல எழுதினது ஒண்ணும் நிக்கல."

மைக்கிண்ணத்தில் மண்டபம் தெரிந்தது. சுற்றிலும் கல்லாய்ப் போன மனிதர்கள், வாய் திறந்தபடி. நடுவில் வடிவு, விரல்களைப் பிசைந்துகொண்டு.

முதல் ஏட்டில், வடிவு வாளை உருவி அரக்கனின் தலையைச் சீவினாள் என்று எழுதினாள் கொழுந்து. எழுத்துக்கள் எறும்பாக ஊர்ந்து தரையில் உதிர்ந்தன. கரப்பான்பூச்சிக்குப் பயந்து கட்டிலில் ஏறுகிறவளா வாளை எடுப்பாள்? கிண்ணத்தில் வடிவின் முழங்கால் வரை கல்.

இரண்டாம் ஏட்டில் அரக்கன் கேட்டான். "என் செல்லத் தங்கச்சி காத்திருக்கா" என்று வடிவு கண்ணீரோடு சொன்னாள். எழுதும்போது கொழுந்தும் அழுதாள். அழுகை மெய்தான். ஆனாலும் எழுத்து உதிர்ந்தது.

"செல்லத் தங்கச்சியா? கதைக்கே சிரிப்பு வருது" என்றான் மசிமுகன். வடிவின் கழுத்து வரை கல்.

மூன்றாம் ஏட்டை மடியில் வைத்துக்கொண்டு கொழுந்து உட்கார்ந்திருந்தாள். அக்கா என்ன சொல்ல வேண்டும் என்று அதுவரை நினைத்திருந்தாள். என்ன சொல்வாள் என்று அப்போதுதான் யோசித்தாள். அவளுக்குப் பதில் தெரியும். சந்தையில் அந்தக் கண்ணைப் பார்த்தபோதே தெரியும்.

எழுத்தாணியை எடுத்தாள். முதலில், "என் பானையை எவ எடுத்தா?" என்று வடிவு எரிந்து விழுந்ததாக எழுதினாள். எழுத்து நின்றது. "இந்த மண்டபத்தைக் கூட்டிப் பெருக்க ஆளில்லையா?" என்றாள் வடிவு. அதுவும் நின்றது. பிறகு அரக்கன் கேட்டான்: "உனக்காக வெளியே யார் காத்திருக்கிறார்?"

கொழுந்து பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

"ஒருத்தருமில்ல. ஒரு தங்கச்சி இருந்தா. இடுப்புல தூக்கி வளர்த்தேன். என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே என் மானத்தைச் சந்தையில படிச்சா. அவ எனக்காகக் காத்திருக்க மாட்டா."

ஓர் எழுத்துகூட உதிரவில்லை. மண்டபக் கதவு திறந்தது.

ஏட்டில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருந்தது. 'வடிவு ஓடி வந்து தங்கையை அணைத்துக்கொண்டாள்' என்று எழுத அவள் மனம் துடித்தது. எழுதவில்லை. எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டாள்.

கழுத்து வரை ஏறிய கல் உதிர, வடிவு தானாக நடந்து கதைக்கு வெளியே வந்தாள். கதைக்கு முடிவு வந்துவிட்டது. மசிமுகன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். வாய் முதலில் கரியாகி, பிறகு அவன் முழுதும் கரியாகிக் கொட்டிப்போனான். கல்லாய் நின்ற நாற்பது பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு வெயிலுக்கு வந்தார்கள். அதில் பாதிப் பேருக்கு வீடும் இல்லை, தேட ஆளும் இல்லை. அத்தனை காலம் ஆகியிருந்தது.

மந்திரவாதி ஒழிந்த மகிழ்ச்சியில் பின்னாளில் அரசன் வடிவுக்குப் பத்துப் பசு கொடுத்ததும், வீடில்லாத அந்த இருபது பேரும் அவளோடே தங்கி, அவளிடம் நாள் தவறாமல் திட்டு வாங்கிக்கொண்டு சுகமாக இருந்ததும் வேறு சங்கதி. அன்றைக்கு நடந்ததை அல்லவா சொல்ல வேண்டும்?

அன்றைக்கு வடிவு தங்கையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் கடந்து போனாள். கொழுந்து பத்தடி பின்னால் நடந்தாள். ஒரு மலை தாண்டினார்கள், பேச்சு இல்லை. ஒரு காடு தாண்டினார்கள், பேச்சு இல்லை. ஆற்றில் இறங்கிய வடிவு பாதியில் நின்றாள். திரும்பவில்லை.

"பாசி வழுக்குது. பார்த்துக் காலை வை" என்றாள்.

கொழுந்து ஆற்றுக்குள் நின்றபடி ஓவென்று அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை அக்கா அக்கரையில் ஏறி நின்றாள். அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். நீங்களும் உங்கள் வீட்டுக்குப் போங்கள், அங்கே பேசாமல் இருக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை பேசுங்கள்.