ஒரு மணி நேரம், உங்கள் முறையில்

“‘ரெண்டரை வயசுப் பையனுக்கு வாயில சப்ப ரப்பர், காலுக்குத் தள்ளுவண்டி. நாளைக்கு மூச்சு விடவும் ஒரு மெஷின் வாங்கிக் குடுப்பா.’ இதைத்தானே நேத்து வாசல்ல சொன்னீங்க?” என்று கேட்டார் நிர்மலை.

“சொன்னேன். இப்பவும் சொல்வேன்” என்றாள் சௌந்தரவல்லி.

தியானக் குடிலில் விளக்கேற்றுவது முதல் செருப்பை வரிசைப்படுத்துவது வரை அவள் பொறுப்பு. குரு நிர்மலையோ அவளைவிடப் பத்து வயது சின்னவர். அவரை ‘அம்மா’ என்று கூப்பிட நாக்கு வளைந்துவிட்டது. மற்ற எதற்கும் வளையவில்லை.

“அது பையனோட அம்மா ஷர்மிளா காதுல விழுந்துடுச்சு. இன்னிக்கு மட்டும் தியானத்துல உட்கார்ந்துட்டு நின்னுக்கறேங்கறா.”

“நான் நிக்கச் சொன்னேனா? பிள்ளையை நடக்க விடுன்னுதான் சொல்றேன். என்னுது மூணும் பத்து மாசத்துல நடந்துச்சு. வாயில விரல்கூட வெச்சதில்லை.”

“அதுங்க அழுதா என்ன செஞ்சீங்க?”

“அழ எங்க நேரம்? மாமியார் இடுப்பு, நாத்தனார் இடுப்பு, மாடி வீட்டு அக்கா இடுப்பு. தரையில இறக்கவே மாட்டாங்க.”

“அப்புறம் எப்ப நடந்துச்சு?”

சௌந்தரவல்லி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

“இன்னிக்கு அவ உள்ளே உட்காரட்டும். பையனை நீங்க பார்த்துக்குங்க. உங்க முறையிலேயே” என்றார் நிர்மலை. “அவன் அழுது அவ எழுந்து வந்தா, அப்படியே கிளம்பிடுவா. திரும்ப வரமாட்டா.”

“ஒரு பிள்ளையை ஒரு மணி நேரம் பார்க்கத் தெரியாதா எனக்கு?”

ஷர்மிளா தயங்கித் தயங்கி உள்ளே போனாள். சௌந்தரவல்லி முதல் காரியமாகப் பையன் வாயிலிருந்து ரப்பரைப் பிடுங்கி ஜன்னல் விளிம்பில் வைத்தாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான் நிர்மலை உட்கார்ந்திருந்தார். பிறகு பையனை வண்டியிலிருந்து இறக்கிவிட்டாள்.

நடந்தான். நன்றாகவே நடந்தான். செருப்பு வரிசையைக் கலைத்தான், துளசித் தொட்டி மண்ணை வாரினான், வெண்கல மணியைப் பார்த்து ஓடினான். கயிற்றைத் தொடுமுன் வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிள்ளையா, அரிசி மூட்டையா? கொஞ்ச நேரத்திலேயே முதுகு பிடித்துக்கொண்டது. ‘நிலா நிலா’ என்று ஆரம்பித்தால், அவன் பட்டப்பகல் வானத்தைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தான். கீழுதடு பிதுங்கியது.

திடுக்கிட்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

ஷர்மிளா தியானம் செய்யவில்லை. உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். தலை சுவரில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, ஒரு கை மட்டும் மடியில் எதையோ தட்டிக்கொண்டே இருந்தது. தூக்கத்திலும் தட்டியது.

சௌந்தரவல்லி சத்தமில்லாமல் பையனை வண்டியில் உட்கார வைத்தாள். தள்ளினாள். முற்றத்துக் கல் மேல் சக்கரம் கடகடவென்று உருள, அவன் விசும்பல் அடங்கியது. நிறுத்தினாள், ஆரம்பித்தான். தள்ளினாள், அடங்கினான்.

“எங்கப்பா, ராஜா. சத்தம் போடாதடா. அம்மா தூங்கறா” என்றாள். எந்தப் பிள்ளையிடமும் அவள் இவ்வளவு கெஞ்சியதில்லை.

இப்போது தள்ளினாலும் உதடு பிதுங்க ஆரம்பித்தது. உள்ளே ஷர்மிளாவின் புருவம் அசைந்தது. பிடியை விட்டால் வண்டி நிற்கும், நின்றால் அழுவான். ரப்பரோ கைக்கெட்டாத தூரத்தில், நிர்மலையின் தோளருகே.

நிர்மலை கண்ணை மூடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

வண்டியை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே, சௌந்தரவல்லி ஜன்னலை நோக்கிக் கழுத்தை நீட்டினாள்.

“அம்மா,” என்றாள் மெதுவாக, “அந்த ரப்பரைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன்.”