தட்டாத கை

சிங்காநல்லூரில் ஒரு டயர் கடைக்கு மேல், மாடியில் எஸ்தர் மாஸ்டரின் கூடம் இருந்தது. பிரேசிலியன் ஜியு-ஜிட்சு என்று வாய் சுளுக்கும் பெயர். குத்து கிடையாது, உதை கிடையாது. ஆளைத் தரையில் உருட்டி, மேலே ஏறி, பிடி போட்டு அடக்குகிற மல்லுக்கட்டு. மாஸ்டர் பெண்தான்; முப்பது வயதுகூட ஆகவில்லை.

அங்கே போய்ச் சேர்ந்தபோது திலகவதிக்கு நாற்பத்தாறு. ரயிலில் டிக்கெட் பரிசோதகர். அவள் ஒரு பெட்டியில் ஏறினால் அடுத்த பெட்டியில் தூங்குகிறவன்கூட எழுந்து பையைத் துழாவுவான். அப்பேர்ப்பட்ட குரல். அந்தக் குரல்தான் ஒருநாள் அவள் காலை வாரியது. டிக்கெட் இல்லாத ஒருவன் அவளைக் கதவோரம் தள்ளி, முழங்கையால் கழுத்தை அமுக்கிக்கொண்டு நின்றான். ஸ்டேஷன் வந்ததும் அவன்பாட்டுக்கு இறங்கிப் போனான். பெட்டி நிறைய ஆட்கள் இருந்தார்கள். அவளுக்குச் சத்தமே வரவில்லை.

அதன் பிறகு டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்துதான் வேலை. மேலதிகாரி நல்ல மனுஷன். "கவுண்டரையே நிரந்தரமா போட்டுத் தர்றேன். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்கம்மா" என்றார். அவளுக்கு நாற்காலிக்குச் சரியென்று சொல்லவும் மனம் வரவில்லை, வண்டி ஏறவும் தெம்பு வரவில்லை.

கூடத்தில் முதல் நாள் பாடம் பிடி அல்ல, தட்டு.

"பிடி தாங்க முடியலைன்னா ரெண்டு தட்டு தட்டோணும். அவங்க மேல தட்டுங்க, இல்லைன்னா தரையில தட்டுங்க. தட்டின நொடியே பிடிச்சவங்க விட்டுரோணும். ஏன் எதுக்குன்னு கேக்கப்படாது" என்றார் மாஸ்டர்.

எல்லோரும் தட்டினார்கள். திலகவதி மட்டும் தட்டவில்லை. யார் மேலே ஏறினாலும், கையை எப்படி முறுக்கினாலும் அசையாமல் கிடந்தாள். கடைசியில் பிடித்தவர்களே பயந்துபோய் விட்டுவிட்டார்கள்.

"அக்கா கருங்கல்லுங்க மாஸ்டர்" என்றாள் கல்லூரியில் படிக்கும் சௌடேஸ்வரி. "உசுரே போனாலும் தட்டமாட்டாங்க."

கூடமே மெச்சியது. திலகவதி மறுக்கவில்லை. நல்ல பேரை வேண்டாம் என்று சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்?

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் மாஸ்டரிடம் போய் நின்றாள்.

"மாஸ்டர், எவனும் என்னை அமுக்க முடியாத மாதிரி ஒரே ஒரு பிடி சொல்லிக் குடுங்க. நாளைக்கு ஆபீஸ்ல பதில் சொல்லோணும். அந்தப் பிடி கையில இருந்தா வண்டி ஏறிருவேன்."

"நீங்க ஏனுங்க்கா தட்டறதே இல்லை?"

"தட்டினா தோத்த மாதிரி ஆயிருமுங்களே."

மாஸ்டர் தரையில் கிடந்த விரிப்பைக் காட்டினார். "படுங்க" என்றார்.

திலகவதி விரிப்பில் மல்லாந்து படுத்தாள். மாஸ்டர் இருபுறமும் கால் போட்டு அவள் மேல் உட்கார்ந்து, முன்கையை மெதுவாகக் கழுத்தருகே கொண்டுபோனார். அழுத்தவில்லை. சும்மா வைத்திருந்தார், அவ்வளவுதான்.

திலகவதியின் கண் கூரையில் குத்திட்டு நின்றது. மூச்சு பாதியில் நின்றது. விரிப்பின் மேல் கிடந்த கையில் ஒரு விரல்கூட அசையவில்லை.

மாஸ்டர் சட்டென்று இறங்கி, தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

"தோக்கக் கூடாதுன்னு தட்டலையா? இல்லை, கை வரலையா?"

திலகவதி தண்ணீரைக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வரலைங்க மாஸ்டர். தட்டு தட்டுன்னு உள்ளுக்குள்ள மனசு கெடந்து அடிச்சுக்குது. கை என்ர கையாவே இல்லை. அன்னைக்கு வண்டியில வாயும் இப்பிடித்தான்."

சொல்லிவிட்டு அழுதாள். அத்தனை பிள்ளைகளும் பார்க்க மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதாள். பாவம், கருங்கல் என்ற பேரையும் சேர்த்து எத்தனை நாள் சுமந்தாளோ. சௌடேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள்.

மாஸ்டர் விரிப்பில் படுத்தார்.

"இப்ப நீங்க என் மேல உக்காருங்க்கா."

திலகவதி முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுதான் தாமதம், மாஸ்டர் அவள் முதுகில் தட்டினார். அவள் பதறி இறங்கினாள்.

"மறுபடியும்."

மறுபடியும் உட்கார்ந்தாள். மறுபடியும் தட்டு. இறங்கினாள்.

நேற்றுச் சேர்ந்த மாதிரி இருக்கிற ஒருத்திக்குக் கருப்பு பெல்ட்காரர் தட்டுகிறாரே என்று கூடம் வாயைப் பிளந்தது.

"நான் ஒண்ணுமே பண்ணலைங்களே மாஸ்டர். எதுக்குத் தட்டறீங்க?"

"நீங்க எறங்கினீங்களா இல்லையா?"

"எறங்கினேன்."

"அப்ப நீங்க படுங்க."

இந்த முறை மாஸ்டர் மேலே. திலகவதியின் கை கிடந்தது. மாஸ்டர் அவசரப்படவில்லை. வெகுநேரம் கழித்துச் சுண்டுவிரல் விரிப்பை ஒருமுறை தொட்டது. தட்டு என்று அதைச் சொல்லவே முடியாது.

மாஸ்டர் சூடு பட்டவர் மாதிரி துள்ளி இறங்கினார்.

"மறுபடியும் உக்காருங்க மாஸ்டர்" என்றாள் திலகவதி, தானாகவே.

இரண்டு விரல் வந்தது. பிறகு உள்ளங்கை வந்தது. பிறகு அவள் தட்டியது தட்டே இல்லை, அறை. சௌடேஸ்வரி ஏறினாள், திலகவதி தட்டியதும் இறங்கினாள். வரிசையில் நின்று ஒவ்வொருவராக ஏறினார்கள், ஒவ்வொருவராக இறங்கினார்கள். கீழேயிருந்து டயர் கடைக்காரர் மாடியேறி வந்து, "என்னம்மா, மேல துணி தொவைக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கடைசியாக ஏறியவளுக்குத் தட்டோடு சேர்த்து ஒரு "போதும்!" விழுந்தது. தெருவில் போன ஒருவர் நின்று அண்ணாந்து பார்த்தார். பழைய குரலேதான்.

திலகவதி எழுந்து உட்கார்ந்தாள். வியர்வையில் முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது. சிரித்தவள், திடீரென்று சிரிப்பை நிறுத்தினாள்.

"மாஸ்டர், இங்க இருக்கறவங்க நம்மாளுங்க. தட்டினா விட்டுடறாங்க. வண்டியில எவனாவது பிடிச்சா, தட்டினதும் விடுவானுங்களா?"

"விடமாட்டான்."

"பின்ன? ஒரு பிடிகூடக் கத்துக்காம நாளைக்கு நான் என்னன்னு பதில் சொல்றது?"

மாஸ்டர் அவளுடைய வலது கையை எடுத்து, சிவந்துபோயிருந்த உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அது உங்க இஷ்டமுங்க்கா. இத்தனை நாளும் கை இல்லாதவங்களுக்குத்தான் நான் பிடி சொல்லிக் குடுத்துட்டு இருந்திருக்கேன். இன்னைக்குத்தான் கை வந்திருக்குது. நாளைக்கு வாங்க, முதல் பிடி போடலாம்."