பேரன்ட் என்ற வாசல்

"டீச்சர், பெத்தவன் தொட்டா மட்டும் ஏன் வெளியே தள்ளுது?" என்று கேட்டார் சுடலைமுத்து.

அவர் லாரி டிரைவர். ஊரில் இருக்கும் நாட்களில் செண்பகவல்லியின் கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்து கற்றுக்கொள்வார். டீச்சர் வயதில் சின்னவள்தான். ஆனாலும் சந்தேகம் என்றால் எழுந்து நின்றுதான் கேட்பார்.

செண்பகவல்லி திரையை எட்டிப் பார்த்தாள். அவர் மகள் படிக்கும் பள்ளிக்கூடம், ஆண்டுவிழா வீடியோக்களை வீட்டில் இருப்பவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் திறந்தே போட்டிருந்தது. படம் கிடையாது, அலங்காரம் கிடையாது. வெறும் பெயர்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக. எல்லாவற்றுக்கும் மேலே 'பேரன்ட் டைரக்டரி' என்று ஒரு வரி.

"பேரன்ட்னா பெத்தவங்கதானே? நமக்குன்னு தனி வாசல் வச்சிருக்காங்கன்னு அழுத்துனேன். அழுத்த அழுத்த எங்கேயோ போகுது."

டீச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அண்ணாச்சி, அது உங்களைச் சொல்லலை. இந்த ஃபோல்டரைப் பெத்த ஃபோல்டர். தொட்டா மேலே ஏத்தி வெளியே விட்டுடும். உள்ளே போகணும்னா கீழே இருக்கிற பேரைத் தொடணும்."

"எந்தப் பேரை?"

"பிள்ளை எந்த வகுப்பு?"

"நாலு... இல்ல, அஞ்சு."

"ஏ பிரிவா, பி பிரிவா?"

சுடலைமுத்து தலையைச் சொறிந்தார்.

"எல்லாத்தையும் இறக்கிடுங்க டீச்சர். ஏதாவது ஒண்ணுல ஆடிக்கிட்டு இருப்பா."

"பிள்ளைக்கே போன் போட்டுக் கேளுங்களேன்."

"பேசமாட்டா டீச்சர். விழா அன்னைக்கு நான் நாக்பூர்ல லோடு இறக்கிக்கிட்டு இருந்தேன். 'என் ஆட்டத்தைப் பார்த்துட்டு அப்புறம் என்கூடப் பேசு'ன்னுட்டா. கோபம் இன்னும் இறங்கலை. பார்த்துட்டேன்னு சொல்லத்தான் இங்கே வந்தேன்."

டீச்சர் மௌஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மேசையில் கிடந்த அவர் போனை அவர் பக்கம் தள்ளினாள்.

அவர் தயங்கித் தயங்கி அழைத்தார்.

"ஏளா... நீ அஞ்சு ஏவா, பியா?"

பதில் சென்டர் முழுக்கக் கேட்டது. "பி! அதுகூடத் தெரியாதா? நல்ல அப்பாதான்!"

டீச்சர் அந்தப் பெயரைத் தொட்டாள். உள்ளே கரகம், கும்மி, மயில் என்று மூன்று இருந்தன. எது என்று கண்ணாலேயே கேட்டாள்.

"கும்மியாளா ஆடுன?"

"கும்மியா? நான் மயிலுப்பா! பாதியில தோகை கழண்டு விழுந்துடுச்சு, தெரியுமா?"

"ஐயையோ! அப்புறம்?"

"அப்புறம் என்ன, தோகை இல்லாமலே ஆடுனேன். ஹெட்மாஸ்டரே எந்திரிச்சுக் கை தட்டுனாரு. அதுக்கு அந்த ரஞ்சனி என்ன சொன்னா தெரியுமா..."

சுடலைமுத்து தன்னை அறியாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். "என்ன சொன்னா?" என்றார். "நீ சும்மாவா விட்ட?" என்றார். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார்.

மயில் வீடியோ இறங்குவதைக் காட்டித் திரையில் ஓடிய பச்சைக் கோடு முடிந்து நெடுநேரம் ஆயிற்று. டீச்சர் காத்திருந்தாள்.

திடீரென்று நினைவு வந்தவராக, போனைக் கையால் பொத்திக்கொண்டு மெல்லக் கேட்டார்: "இறங்கிடுச்சா டீச்சர்?"

"இங்கே அப்பவே இறங்கிடுச்சு அண்ணாச்சி." டீச்சர் அவர் கையிலிருந்த போனைக் காட்டினாள். "அங்கே?"