பாறை திருப்பி அனுப்பிய விளாங்காய்

அந்தக் காலத்தில் மரமும் பாறையும் குரங்கும் ஒரே பேச்சுத்தான் பேசின. மனிதர்கள் வந்து சத்தம் போட ஆரம்பித்த பிறகுதான் மற்றதெல்லாம் வாயை மூடிக்கொண்டது. இது அதற்கு முந்தின கதை.

மழை எப்போதாவது எட்டிப் பார்க்கும் ஒரு கரட்டில், அந்தக் கல்குன்றின் சரிவில், விளாமரம் ஒன்று நின்றது. அதன் காலடியில் ஒரு பெரிய பாறை. அன்றைய விளாங்காயை இப்போது சந்தையில் பார்க்கும் விளாங்காய் என்று நினைத்துவிடாதீர்கள். காயிலேயே பொன் நிறம். தோல் அத்தனை மெலிசு, நகம் பட்டால் சாறு வடியும். கிளிகள் சும்மா பார்த்துவிட்டுப் போவதற்கென்றே வரும். என்ன பிரயோசனம்? ஒரு காய்கூடப் பழுத்ததில்லை.

காரணம் அந்தக் கரட்டுக் குரங்குகள். அவற்றின் தலைவன் ஒரு செம்மூஞ்சிக் கடுவன். பொறுமை என்பது அவன் பரம்பரையிலேயே கிடையாது. காய் கொஞ்சம் திரண்டதும் மரத்தில் ஏறுவான், பறிப்பான், பாறையில் ஓங்கி அடிப்பான். சிதறியதில் ஒரு வாய் எடுத்துக் கடிப்பான். துவர்ப்பு நாக்கைப் பிடித்து இழுக்கும். "தூ!" என்று துப்பிவிட்டு அடுத்த காயைப் பறிப்பான். அது மட்டும் இனிக்கும் என்று அவனுக்கு யார் சொன்னார்களோ! வருஷா வருஷம் இதே கூத்துத்தான். முற்றாத விதைகள் பாறைமேல் கிடந்து வெயிலில் கருகிப்போகும்.

அந்த வருஷம் கரையான் மரத்தின் அடியில் பாதியைத் தின்று தீர்த்திருந்தது. அடுத்த கோடை தனக்கு இல்லை என்று விளாமரத்துக்குத் தெரிந்துவிட்டது. உலகத்தில் வேறு விளாமரமும் கிடையாது. இந்தக் காய்ப்பில் ஒரு விதையாவது முற்றி மண்ணில் விழ வேண்டும். விழாவிட்டால் விளா என்ற வம்சமே அதோடு சரி.

விளாமரம் யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கப்பட்டதில்லை. காற்றடித்தால்கூடக் குனியாது. அன்றைக்கு அது கிளையைத் தாழ்த்திப் பாறையைக் கூப்பிட்டது.

"அண்ணே, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளு தங்கச்சி. நிழல் குடுத்தவ நீ. உனக்கு இல்லாததா?"

"உன் உறுதியில கொஞ்சம் என் பிள்ளைங்களுக்குக் குடு."

பாறையிடம் உறுதியைக் கேட்டு அதுவரை ஒருவரும் வந்ததில்லை. உட்கார இடம் கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். உள்ளுக்குள் அதற்குப் பெருமை தாங்கவில்லை.

"குடுக்கறேன். ஆனா ஒண்ணு, என் உறுதி வந்தா என் நிறமும் கூடவே வரும். உன் பிள்ளைங்க சாம்பல் பூத்த மாதிரி ஆயிரும். தோலு சொரசொரன்னு போயிரும். ஒரு கிளி திரும்பிப் பாக்காது. சம்மதமா?"

"அழகா இருந்து அழிஞ்சது போதும்ணே. அவலட்சணமா இருந்தாலும் பொழச்சுக் கிடக்கட்டும்."

"அப்போ எவனாலயும் உடைக்க முடியாதபடி ஆக்கிரட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்! பூட்டி வைக்கவா பெத்தேன்? பழுத்த பிறகு யாரு வேணும்னாலும் வந்து தின்னட்டும். விதை நாலு இடம் போகணும்ல. அவசரக்காரன்கிட்ட இருந்து மட்டும் காப்பாத்திக் குடு."

"எனக்குக் கண்ணு கிடையாதே தங்கச்சி. என்மேல விழறது காயா பழமான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

விளாமரம் யோசிக்கவே இல்லை. அதற்குத் தன் பிள்ளைகளைப் பற்றித் தெரியாதா?

"பச்சைப் பிள்ளை என்னை விட்டு வர மனசில்லாமத்தான் வரும். உன்மேல பட்டதும் திரும்பி என்கிட்ட வரத்தான் பாக்கும். அதைப் பிடிக்காதே, விட்டுரு. பழுத்த பிள்ளை என்னைத் தேடாது. வந்த இடத்துல உக்காந்துக்கும். அதை மட்டும் நீ வச்சுக்கோ."

பாறை சரி என்றது. பாறை ஒன்று சொன்னால் சொன்னதுதான்.

மறுநாள் விடிந்தபோது மரத்தில் ஒரு பொன் காய்கூட இல்லை. கிளைக்குக் கிளை சாம்பல் நிற உருண்டைகள் தொங்கின. கிளிகள் வந்து பார்த்தன. "யாரு இந்தப் பிள்ளைங்களுக்குத் திருநீறு பூசி விட்டது?" என்று கேலி பேசிவிட்டுப் பறந்தன. பதில் சொல்லும் அளவுக்குக் கிளிகளை விளாமரம் மதிக்கவில்லை.

வெயில் ஏறியதும் கடுவன் கூட்டத்தோடு வந்தான். அவன் பெண்டாட்டி மந்தி, "என்னங்க, காய் ஒரு தினுசா இருக்கு. இன்னைக்கு வேண்டாம்" என்றாள். பெண்டாட்டி சொல்லிக் கேட்டு அவனுக்குப் பழக்கமில்லை. மரத்தில் ஏறினான், பெரிய காயாகப் பார்த்துப் பறித்தான், இறங்கி வந்து பாறையில் ஓங்கி அடித்தான்.

டங்!

காய் உடையவில்லை. போன வேகத்தில் எகிறி வந்து அவன் நெற்றிப் பொட்டில் மோதியது. கடுவன் மல்லாந்து விழுந்தான். எழுந்து அடுத்த காயைச் சாய்வாக வீசினான். அது பாறையை ஓர் உரசு உரசித் திசை மாறி, முள்ளுப் புதருக்குள் போய் ஒளிந்துகொண்டது. மூன்றாவது காய் பாறையில் பட்டுத் தெறித்து, மரத்தின் அடியில் மோதித் திரும்பி, பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்த அவன் மச்சினன் முதுகைப் பதம் பார்த்தது. மொத்தக் கூட்டமும் வெறி பிடித்ததுபோல் பறித்துப் பறித்து எறிந்தது. எறிந்ததையெல்லாம் பாறை திருப்பி அனுப்பியது. கரடு முழுக்க டங் டங்கென்று சத்தம்.

விளாமரத்துக்குக் கிளை நுனி வரை சிலிர்த்தது. அத்தனை வருஷமும் பிள்ளைகள் உடையும் சத்தத்தையே கேட்ட மரம் அது. இன்றைக்கு ஒவ்வொரு பிள்ளையும் அடி வாங்கிய பிறகும் முழுசாக எழுந்தது. கரையான் அரித்த உடம்பை மறந்து அது நிமிர்ந்து நின்றது.

"நான் அப்பவே சொன்னேன், கேட்டீங்களா?" என்றாள் மந்தி. நெற்றி வீங்கிய கடுவன் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போனான். உச்சிக் கிளையில் இருந்த காய்கள் தப்பித்தன.

நாளாக ஆக அந்தக் காய்கள் கனத்தன. உள்ளே சதை ஓட்டை விட்டு விலகியது. ஒரு நடுப்பகலில், காற்றே இல்லாதபோது, விளாமரம் தன் தலைப்பிள்ளையைத் தானே கைவிட்டது. கைவிட்டுவிட்டு, அது எகிறி வருமா என்று காத்திருந்தது.

தொப்பென்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

"அண்ணே, என் பிள்ளை?"

"என் மடியிலதான் இருக்கு."

"துள்ளலையா?"

"துள்ளலை தங்கச்சி. வந்தது, உக்காந்துருச்சு."

"என்னைத் தேடலையா?"

"இல்ல."

விளாமரத்தின் கிளைகள் தொய்ந்தன. ஒரு கணம்தான். பிறகு கரடு முழுக்கக் கேட்கும்படி சொன்னது: "அப்போ என் பிள்ளை பழுத்துருச்சு!"

அந்தக் குரலைக் கேட்டுக் கடுவன் வந்தான். பழத்தை எடுத்தான். பட்ட அடி மறக்கவில்லை. முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு மெல்லப் பாறைமேல் போட்டுப் பார்த்தான். பழம் அசையவில்லை. பிறகுதான் உடைத்தான். அந்த வாசனைக்கு மொத்தக் கூட்டமும் ஓடி வந்தது. புளிப்பும் இனிப்புமாக வழித்து வழித்துத் தின்றுவிட்டு, கரடெங்கும் விதையைப் போட்டுக்கொண்டே போயின. அடுத்த கோடையில் அந்தத் தாய்மரம் இல்லை. கரடு முழுக்க விளாங்கன்றுகள் நின்றன.

விளாங்காயின் ஓடு பாறை நிறத்தில் இருப்பதும், கீழே போட்டால் காய் எகிறுவதும் பழம் விழுந்த இடத்திலேயே இருப்பதும் அன்றைக்கு வந்த வழக்கம்தான். இன்றைக்கும் சந்தையில் விளாம்பழம் வாங்குகிறவர்கள் அதைத் தரையில் ஒருதரம் போட்டுப் பார்க்கிறார்கள். தாயைத் தேடித் துள்ளினால் வைத்துவிடுகிறார்கள், துள்ளாததைத்தான் வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள்.