ஏழாவது பத்தி

செவ்வாற்றங்கரையில் பெரியமணலூர் என்றொரு ஊர். அங்கே இரண்டு நாளிதழ்கள். இரண்டுக்கும் தினமும் மாலை நான்கு மணிக்கு ஆட்சியர் அலுவலகத்திலிருந்து செய்திக்குறிப்பு வரும். 'கரைமுரசு' ஆசிரியர் சவரிமுத்து அதை ஒரு வரி படிக்கமாட்டார். வந்த சூட்டோடு பக்கத்தில் ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். மழையால் நின்றுபோன விழாவில், கொளுத்தும் வெயிலில் அமைச்சர் மரக்கன்று நட்டதாக ஒருமுறை அவர் இதழில் வந்தது. ஊரே சிரித்தது. "அவங்க குடுத்தாங்க, நாம போட்டோம்" என்றார் சவரிமுத்து, கொஞ்சமும் கூசாமல்.

'நாள்நோக்கு' துணையாசிரியர் வேலாயுதப்பெருமாள் அப்படிப்பட்டவர் அல்ல. சிவப்புப் பேனாவால் வரிவரியாகத் தொட்டுப் படிப்பார். அந்தப் பேனாவைப் பற்றி அவருக்குக் கர்வமும் உண்டு. அவருடைய அக்கா செல்லக்கனியும் அத்தான் தவசியும் ஆற்று மணலில் வெள்ளரி போட்டு, அங்கேயே குடிசையில் இருந்தார்கள். அவர்களைப் போல நாற்பது குடும்பங்கள். டீக்கடையில் 'கரைமுரசு' சும்மா கிடந்தாலும் தவசி தொடமாட்டார். "நம்ம மச்சினன் படிச்சுப் பாத்துப் போட்டாத்தான் அது சேதி" என்பார்.

அந்தச் சித்திரையில் மலையில் ஒரு வாரம் மழை கொட்டித் தீர்த்தது. மேலே அணை நிரம்பிக்கொண்டிருந்தது. கீழே, மறுநாள் காலை பத்து மணிக்கு அமைச்சர் ஆற்றுத் திருவிழாவைத் தொடங்கிவைக்க, மணலிலேயே பந்தல் போட்டிருந்தார்கள். அன்று வந்த குறிப்பின் முதல் பத்தி, அணை பாதுகாப்பாக இருக்கிறது, மக்கள் வதந்திகளை நம்ப வேண்டாம் என்றது. கூடவே ஒரு படம்: அணையின் மதகுகள், அவற்றின் மேல் விளிம்பைத் தொட்டு நிற்கும் தண்ணீர். உதவி மக்கள் தொடர்பு அலுவலர் ஜெசிந்தா மதியம் நேரில் போய் எடுத்த படம் அது.

ஏழாவது பத்தியில் பெருமாளின் பேனா நின்றது. விழாவுக்கு வருவோரின் பெயர்களுக்கு நடுவே இப்படி இருந்தது: 'நாளை காலை எட்டு மணிக்கு மேல் அணையில் தண்ணீரைத் தேக்கிவைக்க இயலாது. ஆற்று மணலில் இருப்போர் ஏழு மணிக்குள் கரையேற வேண்டும்.'

அக்காவின் குடிசை கண்ணுக்குள் வந்து நின்றது. எட்டு மணிக்குத் தண்ணீர் வருமென்றால் பத்து மணிக்கு மணலில் விழா எப்படி நடக்கும்? முதல் பத்தி மெய்யா, ஏழாவது மெய்யா? பக்கத்தை முடிக்க அரைமணி நேரம்தான் இருந்தது. எதிர்ச் சுவரில் முதலாளி ஒட்டிவைத்த தாள் தெரிந்தது. 'சந்தேகம் வந்தால் ஆட்சியர் அலுவலகத்தைக் கேட்கவும்.' கீழே தொலைபேசி எண்கள். முதல் எண் மக்கள் தொடர்பு அலுவலருடையது. கடைசி எண் அணைப் பொறியாளருடையது. பெருமாள் முதல் எண்ணை அழுத்தினார்.

பெருமாள் ஏழாவது பத்தியைப் படித்துக் காட்டினார். பிறகு அலுவலர் பேசினார். "நான் கையெழுத்துப் போட்டப்ப அந்தப் பத்தி இல்லையே சார். ஜெசிந்தா மேடம் அப்புறமா சேர்த்திருக்காங்க. அமைச்சர் நிகழ்ச்சி, எடுத்துடுங்க."

"தண்ணி வராதுல்லா சார்? எங்க அக்கா மணல்லதான் இருக்கா."

"நாங்க பாத்துக்கறோம். நீங்க பீதியக் கிளப்பாதீங்க."

அலுவலரே சொல்லிவிட்டார் என்றதும் பெருமாளுக்கு மூச்சு வந்தது. ஏழாவது பத்தியைச் சிவப்பில் அடித்தார். அலுவலர் 'கரைமுரசு'க்கும் பேசிப் பார்த்தார். ஆனால் சவரிமுத்துவின் பக்கம் அதற்குள் அச்சுக்குப் போயிருந்தது.

மறுநாள் ஆறு மணிக்கு டீக்கடையில் யாரோ 'கரைமுரசை' உரக்கப் படித்தார்கள். ஏழாவது பத்தி வந்ததும் படித்தவர் தாளோடு மணலுக்கு ஓடினார். ஆறரைக்குள் மணலில் பாதிக் குடிசைகள் காலி, மீதியிலும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். செல்லக்கனியும் பாயைச் சுருட்டினாள். தவசி மட்டும் 'நாள்நோக்கை' இரண்டு தடவை முன்னும் பின்னும் புரட்டினார்.

"மச்சினன் பேப்பர்ல ஒண்ணுமே இல்லையே. மந்திரி வாற எடத்துல தண்ணியத் தொறப்பானுவளா? நீ போ. காயப் பறிச்சுட்டு வாரேன்."

எட்டடிக்கக் கால் மணி இருக்கையில் தண்ணீர் வந்தது. தவசியை மூன்றாம் நாள் கீழ்த் தடுப்பணையில் எடுத்தார்கள்.

அமைச்சர் வரவில்லை. ஜெசிந்தாவுக்குப் பணியிடை நீக்க ஆணை வந்தது. பிழைத்த குடும்பங்கள் கூடி, காப்பாற்றியவருக்குப் போடுவதென்று ஒரு பொன்னாடை வாங்கினார்கள். "ஒங்களக் கரையேத்துனது என் பேப்பர்" என்று சவரிமுத்து சலவைச் சட்டையில் வந்து நின்றார். ஜெசிந்தாவுக்குத்தான் என்றார்கள் சிலர். அவர் அரசு ஊழியர், மேலதிகாரி கையெழுத்திட்ட தாளில் கைவைத்தவர் என்று மற்றவர்கள் மறித்தார்கள். ஒரு முதியவர் பெருமாளுக்காகவும் பேசினார். "இருக்கறதுல படிச்சுப் பாத்து விசாரிச்சவர் அவர் ஒருத்தர்தான. ஏமாத்துனது அந்த ஆபீசருல்லா?"

பெருமாள் கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். செல்லக்கனி அவரிடம் வந்தாள்.

"படிக்காமப் போட்டவன் பேப்பரு ஊரக் காப்பாத்திருக்கு. படிச்ச நீ ஏம்ல அந்தப் பத்திய எடுத்த?"

"விசாரிச்சுட்டுத்தாம்க்கா எடுத்தேன்."

படிக்காமல் போட்டவர், கையெழுத்தான தாளில் கைவைத்தவர், விசாரித்து எடுத்தவர். இந்த மூவரில் பத்திரிகைக்காரரின் வேலையைச் செய்தவர் யார்? பொன்னாடை யாருக்கு?

விடை: சவரிமுத்து மரக்கன்றைப் போட்டது போலவேதான் இதையும் போட்டார். இந்த முறை அது உண்மையாக அமைந்தது அவர் சாமர்த்தியம் இல்லை. பெருமாள் விசாரித்தார், ஆனால் யாரிடம்? எவர் சொல்லில் சந்தேகமோ அவரிடமே. கடைசி எண்ணை அவர் அழுத்தவில்லை, கையில் இருந்த படத்தையும் பார்க்கவில்லை. நேரில் போனவர், பார்த்தவர், மேலிடத்துக்குப் பிடிக்காததை எழுதி அதற்கான தண்டனையையும் வாங்கிக்கொண்டவர் ஜெசிந்தா. அன்று அந்த ஊரில் இருந்த ஒரே பத்திரிகைக்காரர் அரசாங்கச் சம்பளத்தில் இருந்தார். பொன்னாடையைச் செல்லக்கனியே அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போர்த்தினாள். அதே நாள் மாலை நான்கு மணிக்கு, அரசின் துரித நடவடிக்கையால் ஆற்று மணலில் இருந்த நாற்பது குடும்பங்களும் உயிர்ச்சேதமின்றி மீட்கப்பட்டதாக ஒரு குறிப்பு வந்தது. 'கரைமுரசு' அதை அப்படியே போட்டது. 'நாள்நோக்கிலும்' அது வந்தது. பெருமாள் 'உயிர்ச்சேதமின்றி' என்ற ஒரு சொல்லை மட்டும் அடித்திருந்தார்.