இரண்டு கயிற்றில் வந்த பேச்சு

முன்னொரு காலத்தில், எந்த நாடென்று மட்டும் கேட்காதீர்கள், ஓர் அரசனின் ஒரே மகளுக்கு அம்மை கண்டது. நாட்டு வழக்கப்படி அவளை ஆற்று நடுவிலிருந்த தீவில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே கால் வைத்தவர் நோய் விலகும் வரை கரை திரும்பக் கூடாது. ஆறோ கடல்போல அகலம். தொண்டை கிழியக் கத்தினாலும் எட்டாது. அரசன் சோற்றைத் தொடவில்லை. "என் குழந்தை பேச்சு எனக்கு வேண்டும்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

அரசவை விகடன் குழைக்காதனுக்கு வாய் சும்மா இருக்குமா? "கயிறு கட்டினால் பேசலாமே, அரசே" என்று சொல்லிவிட்டான்.

அவனைக் கண்டாலே ஆகாத அமைச்சர் நாகதேவர் பாய்ந்து பிடித்துக்கொண்டார். "எழுத்துக்கு ஒரு கயிறென்றால் இருநூற்று நாற்பத்தேழு கயிறுக்கு எங்கே போவது? இரண்டு தருகிறோம். பேச்சு வராவிட்டால் இவனும் தீவுக்கே போகட்டும்!"

"அப்படியே ஆகட்டும்" என்றான் அரசன்.

குழைக்காதன் பின்வாங்காமல் வழி சொன்னான். அவன் குடுமியைப் பிடித்துக்கொண்டு நடை பழகிய குழந்தையாயிற்றே அரசன் மகள்!

"எல்லா எழுத்தும் ஒன்றாக வந்தால்தானே அத்தனை கயிறு? ஒற்றையடிப் பாதையில் வருவதுபோல ஒவ்வொன்றாக வரட்டும். மெய் எத்தனையாவதோ அத்தனை இழுப்பு. கொஞ்சம் நிறுத்தி, உயிர் எத்தனையாவதோ அத்தனை இழுப்பு."

"அதற்கு ஒரு கயிறு போதுமே. இன்னொன்று?"

"அது காற்றுக்கு, அரசே. காற்று இரண்டையும் சேர்த்தே ஆட்டும்; கை இழுத்தால் ஒன்று ஏறும், மற்றது இறங்கும்."

அம்மை கண்டு பிழைத்த செவிலி ஒருத்தி முறையைக் கற்றுக்கொண்டு கயிறுகளோடு தீவுக்குப் போனாள். அங்கே இரண்டையும் ஒரே கோலின் இரு முனையில் கட்டினாள். ஒன்றை இழுத்தால் மற்றது தளரும். இக்கரையில் ஒரு கம்பத்தில் கயிற்றுக்கு ஒரு கொடி.

நாட்கள் போயின. காற்றடிக்கும்போதெல்லாம் இரண்டு கொடியும் சேர்ந்து ஆடின. வேறொன்றும் வரவில்லை. ஒரு மாலை கொடிகள் துள்ளின.

"என்ன சொல்கிறாள்?" அரசன் எழுந்தே விட்டான்.

பொய் சொல்லித் தப்பியிருக்கலாம். குழைக்காதனுக்குப் பொய் வரவில்லை. "யாருமில்லை, அரசே. இரண்டும் சேர்ந்து குதித்தன. அமைச்சர் என்னைச் சோதிக்கக் கம்பத்தை உதைத்தார்."

அரசன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"ஆக, பேச்சு வரவில்லை. படகு தயார்" என்றார் நாகதேவர்.

குழைக்காதன் ஒரு காலைப் படகில் வைத்தான். அப்போது ஒரு கொடி ஏறியது, மற்றது இறங்கியது. மறுபடியும். அவன் உரக்கப் படித்தான். 

"அப்பா... கண் போயிற்று... கயிறு பிடிக்கக் கை இருக்கிறது... சாப்பிட்டீர்களா?"

"காற்றாக இருக்கும், அரசே" என்றார் நாகதேவர்.

"காற்று வந்து சாப்பிட்டீர்களா என்று கேட்குமா, ஐயா?" அரசன் சிரித்தான். கண்ணீர் தாடியில் வழிய வழியச் சிரித்தான். கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் குழைக்காதனுக்குப் போட்டான். சிரிப்பு சட்டென்று நின்றது. "பதில் சொன்னால் அவளால் பார்க்க முடியாதே."

"கயிறு கையில்தானே இருக்கிறது, அரசே? இழுங்கள், தெரிந்துகொள்வாள். ஆனால் சாப்பிட்டேன் என்று பொய் சொல்லக் கூடாது."

சோறு வந்தது. அரசன் ஒரு கையால் கவளத்தை வாயில் வைத்து, மறு கையால் கயிற்றை இழுத்தான்.